பழைய மடிக்கணினியில் இயங்குதளத்தை மீண்டும் நிறுவுதல்: எதிலிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வி: தமிழாசிரியை, கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். நான் பள்ளியொன்றில் தமிழாசிரியையாகப் பணிபுரிகிறேன். வீட்டில் கேள்வித்தாள் தயாரிப்பதற்கும், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் பயன்பாட்டுக்குமாகச் சென்ற மாதம் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் லெனோவா திங்க்பேட் எக்ஸ்230 மடிக்கணினி ஒன்றை 9,500 ரூபாய்க்கு வாங்கினோம். கோர் ஐ5 மூன்றாம் தலைமுறைச் செயலி, 4 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10 ஆகியவை அதில் இருக்கின்றன. விசைப்பலகை தட்டச்சுக்கு மிகவும் இதமாக இருந்ததால்தான் இதைத் தேர்ந்தெடுத்தோம்.

பொத்தானை அழுத்தியதிலிருந்து ஏதேனும் ஒரு வேலையைத் தொடங்குவதற்கு ஆறு நிமிடங்கள் ஆகின்றன. திரையின் மூலையில் விண்டோஸை ஆக்டிவேட் செய்யும்படி ஓர் அறிவிப்பு எப்போதும் இருக்கிறது. சார்ஜரைக் கழற்றி இரவு முழுவதும் வைத்திருந்தால், மறுநாள் காலையில் கடிகாரம் 2012ஆம் ஆண்டுக்குப் போய்விடுகிறது. அன்று எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பானதன்று என்ற எச்சரிக்கை வருகிறது. இவை எல்லாவற்றுக்கும் பழைய விண்டோஸ்தான் காரணம் என்று கருதி, என் அண்ணன் மகன் ஒரு பென்டிரைவில் விண்டோஸ் நிறுவல் கோப்பை ஏற்றிக் கொடுத்தான். எஃப்12 விசையை அழுத்தி அதைத் தேர்ந்தெடுத்தால் நிறுவல் தொடங்குகிறது. ஆனால் வட்டைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், இந்த வட்டில் எம்பிஆர் பகிர்வு அட்டவணை இருப்பதால் நிறுவ முடியாது என்று நின்றுவிடுகிறது.

வேறொன்றும் என்னை உறுத்துகிறது. இதற்கு முன் இதை வைத்திருந்தவரின் கணக்கு அப்படியே இருக்கிறது. ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் முதல் திரையிலேயே கண்ணில் பட்டன, உடனே மூடிவிட்டேன். அவற்றை உரியவரிடம் சேர்க்க வழி உண்டா, அல்லது அழித்துவிடுவதுதான் முறையா என்று தெரியவில்லை. நிறுவலை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைப் பொறுமையாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: கணினி பழுதுபார்ப்பவர், கோவை

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பதினான்கு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் "ஓ.எஸ். போட்டுக் கொடுங்கள்" என்றுதான் கேட்கிறார்கள். பாதிக்கு மேற்பட்ட இயந்திரங்களில் கோளாறு இயங்குதளத்தில் இருப்பதில்லை. உங்கள் இயந்திரத்திலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள் உள்ளன. அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் நான்கு முறை விண்டோஸ் போட்டாலும் தீராது.

கடிகாரத்தை முதலில் பாருங்கள். தாய்ப்பலகையில் சிஆர்2032 என்னும் நாணய வடிவ மின்கலம் ஒன்று இருக்கும். இயந்திரத்துக்கு வேறு மின்சாரம் இல்லாதபோது நேரத்தைக் காப்பது அதன் வேலை. உங்களுடையது தீர்ந்துவிட்டது; முதன்மைப் பேட்டரியும் வலுவிழந்திருப்பதால் இரவில் அதற்குத் துணையும் இல்லை. இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி தன்னை 2012இல் இருப்பதாக எண்ணும்போது, இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் நடைமுறைக்கே வராதவையாக அதற்குத் தோன்றும். அதனால்தான் அந்த எச்சரிக்கை. புதிய இயங்குதளத்தை நிறுவினாலும் இந்தத் தொல்லை தொடரும், புதுப்பிப்புகளும் இறங்காது. திங்க்பேட்டில் இந்தக் கலம் கம்பியும் இணைப்பியும் சேர்ந்து வரும் வகையைச் சேர்ந்தது. கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் வெறும் கலம் பொருந்தாது. அதே மாடலுக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, ஆறு நிமிடக் காத்திருப்பு. இதற்குக் காரணம் ஹார்டு டிஸ்க். சுழலும் தட்டில் முள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்ந்து படிக்க வேண்டியிருப்பதால், சிதறிக் கிடக்கும் சிறு சிறு கோப்புகளை அது நொடிக்கு ஏறத்தாழ நூறு முறைதான் எடுக்க முடியும். சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வகை வட்டில் நகரும் உறுப்பே கிடையாது. அங்கே அந்தக் கணக்கு பல்லாயிரங்களில் போகும். விண்டோஸ் 10 தொடங்கும்போது செய்வதெல்லாம் இந்தச் சிறு கோப்புகளைப் படிப்பதுதான். எனவே உங்கள் பணத்தில் முதல் செலவு 256 ஜிபி அளவுள்ள ஒரு சாட்டா (பழைய ஹார்டு டிஸ்க் மாட்டியிருக்கும் அதே வகை இணைப்பு) எஸ்எஸ்டியாக இருக்கட்டும். எக்ஸ்230இல் 7 மி.மீ. தடிமன் கொண்ட இரண்டரை அங்குல வட்டு மட்டுமே உள்ளே போகும். இன்று விற்கும் சாட்டா எஸ்எஸ்டிகள் பொதுவாக அந்த அளவிலேயே வருகின்றன. மாற்றுவதும் எளிது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டு மூடியின் ஒரே திருகை அவிழ்த்து, உள்ளே தெரியும் பட்டையைப் பிடித்து இழுத்தால் பழைய வட்டு வெளியே வரும். அதன் இரு ஓரங்களிலும் உள்ள ரப்பர்த் தாங்கிகளைப் புதியதில் மாட்டி உள்ளே தள்ளுங்கள். கூடவே இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ராம் கிடைத்தால் போடுங்கள். இரண்டு இடங்கள் இருக்கின்றன.

மூன்றாவதாக எம்பிஆர் பிரச்சினை. பழைய விண்டோஸ் 'லெகசி' என்னும் பழைய தொடக்க முறையில் நிறுவப்பட்டிருக்கிறது. அந்த முறைக்கு உரிய பகிர்வு அட்டவணை (வட்டு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்னும் குறிப்பு) எம்பிஆர். உங்கள் பென்டிரைவோ யூஇஎஃப்ஐ என்னும் புதிய தொடக்க முறையில் தொடங்கியிருக்கிறது. அந்த முறையில் நிறுவ விண்டோஸ் ஜிபிடி என்னும் புதிய வகை அட்டவணையை எதிர்பார்க்கும். புதிய எஸ்எஸ்டி வெறுமையாக இருப்பதால் இந்தச் சிக்கலே எழாது. நிறுவும் நிரல் தனக்கு வேண்டிய அட்டவணையைத் தானே உருவாக்கிக்கொள்ளும். எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பக்கத்துக்குள்) சென்று, ஸ்டார்ட்அப் பக்கத்தில் யூஇஎஃப்ஐ மட்டும் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும். உள்ளே நுழையும்போது கடவுச்சொல் கேட்டால் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். அந்தக் கடவுச்சொல்லை நீக்குவது எளிதன்று. அது இருப்பதே இயந்திரம் எந்த வழியில் சந்தைக்கு வந்தது என்று கேட்க வைக்கும். வரிசை எண் எழுதிய ரசீது உங்களிடம் இருக்கிறதல்லவா? இல்லையென்றால் உடனே கேட்டு வாங்குங்கள்.

படங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடைக்காரரை ஒரு முறை அழைத்துக் கேட்டுப் பாருங்கள். நிறுவனங்களிலிருந்து மொத்தமாக வரும் இயந்திரம் என்றால் தடம் கிடைக்காது. தனிநபர் விற்றதென்றால் எண் இருக்கக்கூடும். அதுவரை பழைய வட்டைக் கழற்றி உறையில் போட்டு வையுங்கள். வட்டை அழிக்காமல் விற்ற கடைமீதுதான் தவறு. நீங்கள் திறந்து பார்க்காமல் மூடியது சரியான செயல்.

பதில்: கட்டற்ற மென்பொருள் ஆர்வலர், சென்னை

மேலே கோவை நண்பர் வன்பொருளைப் பற்றிச் சொன்னவை அனைத்தையும் வழிமொழிகிறேன். எந்த இயங்குதளம் என்பதில் மட்டும் சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் அண்ணன் மகன் ஏற்றிக் கொடுத்த பென்டிரைவில் இருப்பது பெரும்பாலும் விண்டோஸ் 10 ஆகத்தான் இருக்கும்.

விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை புதுப்பிப்புகள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது; ஆனால் உங்கள் விண்டோஸ் ஆக்டிவேட் கூட ஆகாத நிலையில் இருக்கிறது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இந்த இயந்திரத்தில் இல்லை. இதில் இருப்பது 1.2. செயலியும் இன்டெல் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்கிறார்கள்; உங்களுடையது மூன்றாம் தலைமுறை. இந்தச் சோதனைகளைத் தாண்டி நிறுவும் வழிகள் இருக்கின்றன. நிறுவல் கோப்பைப் பென்டிரைவில் எழுதும் ரூஃபஸ் என்னும் கருவியே அதற்கு உதவுகிறது. ஆனால் அப்படி நிறுவிய கணினிகளுக்குப் புதுப்பிப்பு பெறும் உரிமை கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. மாணவர்களின் மதிப்பெண்ணும் கேள்வித்தாளும் இருக்கப்போகும் இயந்திரத்தை அந்த நிலையில் விடுவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

ஒரு வேண்டுகோள்: விண்டோஸை ஆக்டிவேட் செய்து தருவதாகச் சொல்லி யாராவது ஒரு சிறு நிரலை இயக்கச் சொன்னால் இயக்காதீர்கள். அது செயல்பட வேண்டுமென்றால் வைரஸ் தடுப்பை நிறுத்த வேண்டும் என்பார்கள். நிறுத்தியபின் அந்த நிரல் வேறு என்னவெல்லாம் செய்கிறது என்று பார்க்க எவரும் இருக்க மாட்டார்கள்.

நான் பரிந்துரைப்பது, விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22 வரிசையின் எக்ஸ்எஃப்சிஇ என்னும் எளிய பதிப்பு. உபுண்டு 24.04 என்னும் இன்னொரு லினக்ஸ் இயங்குதளத்தை அடித்தளமாகக் கொண்டது. 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. 2 ஜிபி ராம் இருந்தாலே இயங்கும். 4 ஜிபி இருந்தால் வசதி என்கிறது அதன் குறிப்பு. நிறுவல் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி என்பதால் 8 ஜிபி பென்டிரைவ் போதும். கோப்பு இறங்கியதும் அதன் எஸ்எச்ஏ256 என்னும் சரிபார்ப்பு எண்ணை மின்ட் தளத்தில் கொடுத்துள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பாதியில் அறுந்து இறங்கிய கோப்பினால் நிறுவல் நடுவழியில் நிற்பதை நானே பல முறை பார்த்திருக்கிறேன். அதன்பின் ரூஃபஸ் அல்லது எட்சர் கொண்டு பென்டிரைவில் எழுதுங்கள். கோப்பை அப்படியே நகலெடுத்துப் பென்டிரைவில் ஒட்டினால் கணினி அதிலிருந்து தொடங்காது.

மின்ட்டை எதையும் நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம் என்பது உங்களுக்குப் பெரிய வசதி. வைஃபை கிடைக்கிறதா, ஒலி கேட்கிறதா, கேமரா இயங்குகிறதா, எல்லா விசைகளும் எழுதுகின்றனவா என்று அரை மணி நேரம் செலவிட்டுப் பாருங்கள். கடைக்காரர் தந்த சோதனைக் காலம் முடிவதற்குள் இதைச் செய்துவிட்டால் குறை எதுவும் இருந்தாலும் கேட்க முடியும். அதே இடத்தில் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறந்து, பழைய வட்டு தன் நலம் பற்றித் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் தரவைப் பார்த்து, மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (வட்டின் சிறு சேமிப்பிடங்கள்), நிலுவையில் உள்ள செக்டர்கள் ஆகிய இரண்டு எண்களையும் இங்கே எழுதுங்கள். இரண்டும் பூஜ்யமாக இருந்தால் நல்லது.

தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் என்னும் தொகுப்பை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சுப் பொறி முறை ஆகியவை கிடைக்கும். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் உருவான தமிழ்99ஐ நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்துபவராக இருந்தால் எந்தப் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ககரத்தை இரு முறை அழுத்தினால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானே விழுவது இங்கேயும் உண்டு.

பதில்: எழுத்துரு ஆர்வலர், யாழ்ப்பாணம்

வணக்கம். கேள்வித்தாள் என்று நீங்கள் எழுதியிருப்பதால் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். உங்களுடைய பழைய கோப்புகள் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்திய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவையா? எங்கள் பக்கத்தில் பல ஆண்டுகாலக் கடிதங்களும் மலர்களும் பாமினி எழுத்துருவிலேயே கிடக்கின்றன. தமிழ்நாட்டில் 1999இல் டேம், டேப் என்னும் எழுத்துக் குறியீடுகள் தரமாக அறிவிக்கப்பட்டன. அரசு ஒருங்குறிக்கு மாறியது 2010இல்தான். அத்தகைய பழைய எழுத்துருவில் எழுதப்பட்ட கோப்பு எதையும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். கோப்பு பழுதாகிவிட்டது என்று எண்ணி அழித்தவர்களை நான் அறிவேன். கோப்புக்கு ஒன்றும் நேர்ந்திராது. எழுத்துரு மட்டுமே காணாமற்போயிருக்கும்.

ஆகவே, நீங்கள் இதுவரை அந்தக் கோப்புகளைத் திறந்துவந்த கணினி எதுவோ, அதன் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் எழுத்துருக் கோப்புறையை முழுமையாக ஒரு பென்டிரைவில் படியெடுத்து வையுங்கள். மின்ட் நிறுவியபின், உரிமம் அனுமதிக்கும் எழுத்துருவை இருமுறை சொடுக்கினால் நிறுவும் பொத்தான் தோன்றும்; ஆவணங்களைத் திறக்கும் லிபர்ஆபிஸ் செயலியில் கோப்பு மறுபடியும் தமிழாகத் தெரியும். நிலையான தீர்வு என்பது ஒருங்குறிக்கு மாற்றுவதுதான். அப்படி மாற்றித் தரும் என்எச்எம் கன்வெர்ட்டர் விண்டோஸில் இயங்குவது. எனவே பழைய கணினி கைவசம் இருக்கும்போதே மாற்றி முடித்துவிடுங்கள். மாற்றியபின் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும் இடங்களைக் கண்ணால் சரிபார்ப்பது அவசியம், குறிப்பாக ஒகர, ஓகார, ஔகாரங்களில். கேள்வித்தாளில் அப்படியொரு பிழை புகுந்தால் மாணவர் தடுமாறுவார்.

மறுமொழி: தமிழாசிரியை, கும்பகோணம்

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. விடுமுறை நாளில் மின்ட்டைப் பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்த்தோம். வைஃபை, ஒலி, கேமரா எல்லாம் உடனே இயங்கின. பயாஸில் கடவுச்சொல் கேட்கவில்லை. ஸ்மார்ட் தரவில் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் 212, நிலுவையில் உள்ளவை 16 என்று இருக்கின்றன.

பள்ளிக் கணினியிலிருந்த என் கோப்புகளில் ஏறக்குறைய பாதி பழைய எழுத்துருவில்தான் இருந்தன. யாழ்ப்பாணத்து நண்பர் சொல்லியிராவிட்டால் ஒன்பது ஆண்டுக் கேள்வித்தாள்களை நானும் குப்பையென்று நினைத்திருப்பேன். எழுத்துருக்களைப் படியெடுத்துவிட்டேன், மாற்றும் வேலையை இரவுகளில் செய்துவருகிறேன். நீங்கள் சொன்னது போலவே 'கொ' என்பது சில இடங்களில் பிரிந்து நிற்கிறது.

கடைக்காரரிடம் பேசினேன். ஒரு நிறுவனத்திலிருந்து மொத்தமாக வந்தவற்றில் ஒன்று என்றும், யார் பயன்படுத்தியது என்று தமக்குத் தெரியாது என்றும் சொன்னார். விசாரித்துச் சொல்லும்படி கேட்டுப் பத்து நாள் காத்திருந்தேன். விவரம் எதுவும் கிடைக்கவில்லை. எனவே அழித்துவிட முடிவு செய்துள்ளேன். மகள் அந்த வட்டைப் பிற்காலத்தில் படங்கள் சேமிக்க வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறாள். எப்படி அழிப்பது, வைத்துக்கொள்ளலாமா என்பதைக் கூறுங்கள். பள்ளியிலிருந்து எடுத்துவந்த எச்பி லேசர்ஜெட் 1020 அச்சுப்பொறி மின்ட்டில் இயங்குமா என்பதும் தெரிய வேண்டும்.

பதில்: கணினி பழுதுபார்ப்பவர், கோவை

அம்மா, நிலுவையில் 16 என்றால், அந்த 16 இடங்களை வட்டு படிக்க முயன்று தோற்றிருக்கிறது என்று பொருள். ஏற்கெனவே 212 இடங்களைக் கைவிட்டு, மாற்று இடங்களை ஒதுக்கியிருக்கிறது. இந்த வட்டில் மகள் எதையும் சேமிக்க வேண்டாம். இது இன்னும் ஓராண்டு ஓடலாம், நாளைக்கே நிற்கவும் செய்யலாம். கணினி ஆறு நிமிடம் திணறியதில் இதற்கும் பங்கு உண்டு, ஏனெனில் படிக்க முடியாத இடத்தை வட்டு திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும்.

அழிப்பதற்கு முதலில் எஸ்எஸ்டியை உள்ளே பொருத்தி மின்ட்டை நிறுவி முடித்துவிடுங்கள். வெறும் வட்டு என்பதால் 'வட்டை அழித்து நிறுவு' என்ற தேர்வை அச்சமின்றிக் கொடுக்கலாம். பழைய வட்டு அந்த நேரத்தில் இணைப்பில் இருக்கவே கூடாது. நிறுவல் முடிந்தபின், பழையதை ஒரு யூஎஸ்பி உறையில் (வட்டை வெளியிலிருந்து இணைக்க உதவும் பெட்டியில்) போட்டு நீல நிற யூஎஸ்பி துளையில் இணைத்து, டிஸ்க்ஸ் செயலியில் வட்டை வடிவமைக்கும் தேர்வுக்குள் சென்று, பூஜ்யங்களால் மேலெழுதும் முறையைத் தேர்ந்தெடுங்கள். விரைவு ஃபார்மட் என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது. பக்கங்கள் அப்படியே இருக்கும். மேலெழுத ஒரு முறை போதும், 320 ஜிபிக்கு இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். தொடங்குவதற்கு முன் இடப்பக்கப் பட்டியலில் 320 ஜிபி என்று காட்டும் வட்டைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று மகளையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். கைவிடப்பட்ட 212 இடங்களை இந்த மேலெழுதல் தொடாது. ஆகவே அது முடிந்ததும் வட்டைத் திறந்து தட்டுகளைச் சேதப்படுத்திவிட்டு, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பதில்: கட்டற்ற மென்பொருள் ஆர்வலர், சென்னை

லேசர்ஜெட் 1020 இயங்கும். மின்ட்டில் எச்பி அச்சுப்பொறிகளுக்கான எச்பிஎல்ஐபி தொகுப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அச்சுப்பொறியை இணைத்து, முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) எச்பி-செட்டப் என்ற கட்டளையை இயக்குங்கள். இந்த மாடலுக்குக் கூடுதலாக ஒரு செருகுநிரல் தேவை. அந்தக் கட்டளையே அதைத் தரவிறக்கிக்கொள்ளும் என்பதால் அந்த நேரத்தில் இணைய இணைப்பு இருக்க வேண்டும். கடிகாரக் கலத்தை இன்னும் மாற்றவில்லையென்றால் அதை முடித்தபின் இதைச் செய்யுங்கள். தேதி தவறாக இருந்தால் தரவிறக்கம் அங்கேயே நின்றுவிடும்.

மறுமொழி: தமிழாசிரியை, கும்பகோணம்

கலம், எஸ்எஸ்டி இரண்டும் நேற்று வந்தன. கலத்தை உள்ளூர் சர்வீஸ் கடையில் மாற்றிக்கொண்டோம், எஸ்எஸ்டியை மகளே பொருத்தினாள். மின்ட் நிறுவல் இருபது நிமிடத்தில் முடிந்தது. இன்று காலை சார்ஜரைக் கழற்றி வைத்திருந்த கணினியைத் திறந்தபோது தேதி சரியாக இருந்தது. பொத்தானை அழுத்தி முப்பது நொடிக்குள் எழுதத் தொடங்கினேன். செருகுநிரல் இறங்கியபின் 2017ஆம் ஆண்டின் பதினொன்றாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வுத் தாளை ஒருங்குறியில் அச்சிட்டுப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் மட்டும் 'கௌ' பிரிந்திருந்தது, திருத்திவிட்டேன். பழைய வட்டு இப்போது மேலெழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது, 64 விழுக்காடு முடிந்திருக்கிறது.